பீப்பாய்க் கள்ளியும் யாங்கோன் மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோனில் நம்மவர் வீட்டு மாடங்கள் சிலவற்றில் பொன்னிற முள் கொண்ட பீப்பாய்க் கள்ளியைக் காண்கிறேன். மெக்சிகோவின் வறண்ட சரிவுகளுக்குரிய இச்செடியை, மே முதல் அக்டோபர் வரை பெய்யும் நம் பருவமழையில் குரோட்டன்களோடு சேர்த்து நனையவிடுவதுதான் அது அடியிலிருந்து அழுகுவதற்கு முதற்காரணம், வெயிலன்று.

ஆகவே, மழைக்காலத்தில் அதைக் கூரையின் கீழ், வெளிச்சமும் காற்றும் தடைபடாத இடத்தில் வைத்து, மண் முற்றிலும் காயும்வரை நீரூற்றாதிருப்பது நலம். மெருகிடாத மண்தொட்டியில், பருமணலும் செங்கல் துண்டுகளும் பாதிக்கு மேல் கலந்து, அடித்துளை அடைபடாமல் நட வேண்டும். நீர் தேங்கும் அடித்தட்டு அழகுக்காகவும் வேண்டாம். மழை ஓய்ந்ததும் ஒரேயடியாக உச்சிவெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். அந்தத் தழும்பு பின்னர் மறையாது என்பதால், காலை வெயிலிலிருந்து தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

தொட்டி மாற்றும்போது பழைய செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாமல் கை தப்பும் (தங்கள் நாளிதழின் ஞாயிறு மலர் இதற்கு மிகப் பொருத்தமான தடிமன்). வேர்க்காயம் ஆற ஒரு வாரம் நீர் கூடாது.

பூக்கவில்லையே என வருந்துவோர், நல்ல வெயிலிலும் இது பூக்க 15 முதல் 20 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதறிந்து, உரத்தை அள்ளி இடாமலிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
யாங்கோன்