பெட்டி மேல ஒரு பேச்சு, உள்ள புக்குல ஒரு பேச்சு: உங்க மூணு சக்கர ஸ்ட்ரோலர் பத்தின புகார்

குறை தீர்க்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 8ஆம் தேதி உங்க வெப்சைட்ல ஆர்டர் போட்டு 12ஆம் தேதி டெலிவரி ஆன மூணு சக்கர ஸ்ட்ரோலர், அதாவது குழந்தைய உக்கார வச்சு தள்ளிட்டு போற வண்டி பத்தி எழுதுறேன். விலை 18,499 ரூபா, பில் காப்பி இதோட வச்சிருக்கேன். ஜூன் 3ஆம் தேதி சாயங்காலம் என் பொண்ணு உள்ள உக்காந்திருக்கும்போதே அதோட முன் சக்கரம் கழண்டு தனியா விழுந்துடுச்சு. பாப்பாவுக்கு அடி எதுவும் படல, அதுக்கு கடவுளுக்குத்தான் நன்றி சொல்லணும். ஆனா 4ஆம் தேதியில இருந்து இன்னைக்கு 28ஆம் தேதி வரைக்கும் ஆறு தடவ போன் பண்ணி நாலு மெயில் போட்டு சாட்லயும் கேட்டாச்சு, எல்லாருமே "ரஃப் யூஸ் மேடம்"ங்குற ஒரே வார்த்தையத்தான் திருப்பித் திருப்பி சொல்றாங்க. அதனால முதல்ல இருந்து சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

நாங்க இருக்கிறது சென்னை அண்ணா நகர் மேற்குல. எனக்கு சிசேரியன், அதுக்கப்புறம் முதுகு வலி, பாப்பாவ தூக்கிட்டு பத்து நிமிஷம் நடந்தாலே இடுப்பு விட்டுப்போகும். சாயங்காலம் டவர் பார்க் வரைக்கும் அவள கூட்டிட்டு போயிட்டு வரணும், அவ்வளவுதான் என் ஆச. அக்கா குடுத்த பழைய நாலு சக்கர ஸ்ட்ரோலர் ஒண்ணு இருந்துச்சு, மால்ல நல்லா போகும், லிஃப்ட்ல போகும், எங்க தெருவுக்கு வந்தா கத முடிஞ்சது. அதோட சக்கரம் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், மழைநீர் வடிகால் மேல போட்ட சிமெண்ட் பலகைங்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல மாட்டிக்கும், வேர் தூக்கி விட்ட கல்லுல முட்டி நின்னுடும், நிக்கும்போதெல்லாம் பாப்பா தல முன்னாடி ஆடும். சக்கரம் பெருசா இருந்தா மேடு பள்ளத்துல சுலபமா ஏறி இறங்கும்னு சைக்கிள் ஓட்டுன யாருக்கும் தெரியும், அதனாலதான் முன்னாடி 12 இன்ச் பின்னாடி 16 இன்ச் காத்தடிச்ச டயர் போட்ட உங்க மூணு சக்கர மாடல பாத்தேன். விலை எங்களுக்கு அதிகம்தான். வீட்டுக்காரர் யோசிச்சார், நான்தான் வாங்கியே ஆகணும்னு நின்னேன்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க ஷோரூமுக்கே நேர்ல போனேன், இத முக்கியமா குறிச்சுக்கோங்க. அங்க இருந்த தம்பிகிட்ட மூணு கேள்வி கேட்டேன். பாப்பாவுக்கு மூணு மாசம் முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆகுது, இதுல இப்பவே படுக்க வைக்கலாமான்னு கேட்டேன். "பிறந்த நாள்ல இருந்தே போடலாம் மேடம், பெட்டியிலயே போட்டிருக்கு"ன்னு காட்டினார், உண்மைதான், 0 மாசத்துல இருந்து 3 வயசு வரைன்னு பெருசா அச்சடிச்சிருந்துச்சு. நம்ம ரோட்டுக்கு தாங்குமான்னு கேட்டேன், "ஆல் டெர்ரெய்ன் மேடம்"னு சொன்னார், அதாவது எந்த மாதிரி தரையிலயும் போகுமாம். என் வீட்டுக்காரர் காலையில ஓடுவார், அவர் வச்சு தள்ளிட்டு ஓடலாமான்னு கேட்டேன், பெட்டியில ஒருத்தர் ஷூ போட்டு ஓடுற மாதிரி இருக்கிற படத்தையே காட்டினார். அவர் மேல எனக்கு கோபம் இல்ல, நீங்க பெட்டியில அடிச்சத அவர் படிச்சு சொன்னார். நான் கேட்ட கலர் அங்க இல்லங்கறதால வெப்சைட்ல ஆர்டர் போடச் சொன்னார், அங்க நின்னுக்கிட்டே போட்டேன்.

டெலிவரி வந்து பெட்டிய பிரிச்சு அன்னைக்கு ராத்திரி பாப்பா தூங்கினதுக்கப்புறம் உள்ள இருந்த சின்ன புக்க எடுத்து படிச்சேன். மூணாவது பக்கத்துல, சின்ன எழுத்துல, இந்த சீட் ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைகளுக்கு ஏத்தது இல்லன்னு இருக்கு. அதுக்கு கீழயே, இது ஓடுறதுக்கோ ஸ்கேட்டிங் பண்றதுக்கோ ஏத்தது இல்லன்னு இருக்கு. எனக்கு கை நடுங்கிடுச்சு. வெளிய ஓடுற மாதிரி படம், உள்ள ஓடாதன்னு எச்சரிக்கை, வெளிய 0 மாசம், உள்ள ஆறு மாசம், இதுல எத நம்பி நான் என் குழந்தைய வைக்கிறது?

இந்த ரெண்டு எச்சரிக்கையும் சும்மா சம்பிரதாயத்துக்கு போடுறது இல்ல. புக்குல இஎன் 1888ங்குற ஐரோப்பிய தரத்த நீங்களே குறிப்பிட்டிருக்கீங்க, அத தேடிப் படிச்சேன், பிறந்த குழந்தைய வைக்கணும்னா சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல 150 டிகிரியாவது விரியணும், அதாவது கிட்டத்தட்ட படுத்த மாதிரி. உங்க சீட்ட முழுசா சாய்ச்சு போன்ல கோணம் பாத்தேன், 135 தாண்டல. கழுத்து நிக்காத குழந்தைய அப்படி பாதி உக்கார வச்சா தல முன்னாடி சரிஞ்சு தாடை நெஞ்சுல முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும், மூச்சுத் திணறும். எங்க குழந்தை டாக்டர்கிட்ட கேட்டேன், அவங்களும் இதத்தான் சொன்னாங்க, ஓடுறதுக்குன்னே செஞ்ச வண்டியா இருந்தாலும் குழந்தைக்கு கழுத்தும் முதுகும் உறுதியாகிற வரைக்கும் குலுக்கல் ஆகாதுன்னு சேத்து சொன்னாங்க. மூணு சக்கரம் இருந்தா அது ஜாகிங் வண்டின்னு ஜனங்க நினைச்சுக்கறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், அது அப்படி இல்லன்னு தெரிஞ்சவங்க நீங்க, பெட்டியில அந்த படத்த போட்டவங்களும் நீங்கதான்.

மறுநாளே ரிட்டர்ன் கேட்டேன். பெட்டி பிரிச்சாச்சு, பாகம் மாட்டியாச்சு, எடுக்க முடியாதுன்னு பதில். புக்கு பெட்டிக்குள்ளதானே இருக்கு, பிரிக்காம எப்படி படிக்கிறதுன்னு கேட்டேன், அதுக்கு பதிலே வரல. சரி, பணம் போட்டாச்சு, ஆறு மாசம் ஆகட்டும்னு ஏப்ரல் கடைசி வரைக்கும் ஹால் மூலையில துணி போட்டு மூடி வச்சிருந்தேன். என் முதுகு வலி எதுக்காகவும் காத்திருக்கல, அந்த ரெண்டரை மாசமும் பாப்பாவ தூக்கித்தான் நடந்தேன்.

நல்லத நல்லதுன்னு சொல்லணும். டயரு நல்லா இருக்கு, மேடு பள்ளத்துல குலுக்கல் நிஜமாவே கம்மி, மே மாசம் ஒரு பஞ்சர் ஆச்சு, குழந்தைங்க சைக்கிளுக்கு போடுற 12 இன்ச் ட்யூபே சரியா உக்காந்துச்சு. பெல்ட் அருமையா இருக்கு, தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு, கால் நடுவுல ஒண்ணு, அந்த பெல்ட் இல்லன்னா இந்த லெட்டர நான் வேற மாதிரி எழுதியிருப்பேன், அத நினைக்கவே பயமா இருக்கு. அகலம் மட்டும் வெப்சைட்ல 58 சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க, பின் சக்கரத்தோட வெளி ஓரம் வச்சு அளந்தா 66 வருது, பைக் ஏறாம இருக்க நடைபாதையில நட்டிருக்கிற கம்பிங்களுக்கு நடுவுல நுழையல, ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு தூக்க வேண்டியிருக்கு. இதயும் சரி பண்ணுங்க.

இப்ப முன் சக்கரத்துக்கு வர்றேன். உங்க புக்குல சொன்னபடி, கரடுமுரடான இடத்துல முன் சக்கரம் சுத்தாம நேரா இருக்கிற மாதிரி லாக் போட்டுத்தான் தள்ளுவேன், இல்லன்னா கொஞ்சம் வேகமா நடந்தாலே முன் சக்கரம் படபடன்னு அடிச்சுக்கும். லாக் போட்டா வண்டிய திருப்புறதுக்கு கைப்பிடிய அழுத்தி முன் சக்கரத்த தரையில இருந்து தூக்கித்தான் திருப்பணும், நடைபாதையில ஏத்தவும் அப்படித்தான். ஜூன் 3 சாயங்காலம் ஆறு மணி இருக்கும், பார்க்ல இருந்து திரும்பி வர்றோம், நடைபாதையில ஏத்துறதுக்காக கைப்பிடிய அழுத்தினேன், முன்பக்கம் தூக்குச்சு, தூக்குன நேரத்துல சக்கரம் அத ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற ஃபோர்க் கம்பியில இருந்து நழுவி கீழ விழுந்து ரோட்டுப் பக்கம் உருண்டு போகுது, எனக்கு என்ன நடக்குதுன்னே புரியல, நான் கைய தளர்த்திட்டேன், சக்கரம் இல்லாத ஃபோர்க் கம்பி நேரா கல்லுல குத்தி மொத்த வண்டியும் பாப்பாவோட முன்னாடி கவுந்துச்சு. அவ பெல்ட்ல தொங்குறா. கத்தக்கூட இல்ல, ஒரு நொடி அப்படியே என்ன பாத்தா, அப்புறம்தான் அழுதா. பக்கத்துல இளநீர் வெட்டிக்கிட்டு இருந்த அண்ணன் ஓடி வந்து வண்டிய நிமித்தினார். கை பெல்ட்ட என் மணிக்கட்டுல மாட்டியிருந்தேன், அதனாலதான் வண்டி ரோட்டுல சரியல. அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டினோம், அவங்க எழுதின சீட்டு காப்பியும் இருக்கு. இப்பவும் ராத்திரி கண்ண மூடினா அந்த சக்கரம் உருண்டு போறதுதான் தெரியுது.

முன் சக்கரத்த ஃபோர்க்ல பூட்டுற லீவர நான் சரியா பூட்டலன்னு உங்க மெயில்ல எழுதியிருக்கீங்க. தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துட்டுத்தான் கிளம்புவேன், அன்னைக்கும் லீவர் மடங்கித்தான் இருந்துச்சு. விழுந்த சக்கரத்த எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட கொண்டு போனேன், அவர் மாட்டி காட்டினார். ஸ்பானர் இல்லாம கையாலயே சக்கரத்த கழட்டி மாட்டுற இந்த மாதிரி குவிக் ரிலீஸ் லீவர் மடக்கும்போது உள்ளங்கையில தழும்பு விழுற அளவுக்கு இறுக்கமா இருக்கணும், அப்பதான் ஃபோர்க்க கவ்வும். உங்க வண்டியில எதிர்ப்பக்க நட்ட கடைசி வரைக்கும் திருகினாலும் மரை அங்கேயே முடிஞ்சு போகுது, லீவர் ஒரு விரல்லயே மடங்குது, மடங்கின மாதிரி தெரியும் ஆனா எதையும் கவ்வல. நல்ல சைக்கிள்ல ஃபோர்க் நுனியில சின்னதா ஒரு மேடு விட்டிருப்பாங்க, லீவர் லூசானாலும் சக்கரம் சட்டுன்னு நழுவாம அது பிடிச்சுக்கும்னு சொன்னார், உங்க ஃபோர்க்ல அதுவும் இல்ல. வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேன், திறந்து பாத்தீங்களான்னு தெரியல.

850 ரூபா விசிட் சார்ஜ் வாங்கிட்டு 13ஆம் தேதி நீங்க அனுப்பின டெக்னீசியனும் அதே விஷயத்தத்தான் பாத்தார். லீவரையும் நட்டையும் சேக்குற, சக்கரத்துக்கு நடுவுல போற ராடு நீளமா இருக்குன்னு அவரே சொன்னார், இதுக்கு முன்னாடியும் இது மாதிரி பாத்திருக்கேன்னும் சொன்னார். ஆனா ரிப்போர்ட்ல "கஸ்டமர் ரஃப் யூஸ்"னு வந்திருக்கு. அவர் உள்ளத சொன்னதுக்காக அவர் வேலைக்கு எந்த பாதகமும் வரக்கூடாது, இத நான் கேட்டுக்கறேன். நடைபாதையில ஏத்துறது ரஃப் யூஸ்னா ஆல் டெர்ரெய்ன்னு எத வச்சு எழுதினீங்க?

இது புதுசா யாரும் கேள்விப்படாத பிரச்சனையும் இல்ல. 2018 பிப்ரவரியில அமெரிக்காவுல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷன், மூணு சக்கர ஜாகிங் ஸ்ட்ரோலர்ல இதே குவிக் ரிலீஸ் முன் சக்கரம் ஓட்டத்துல கழண்டு குழந்தைங்களுக்கும் பெரியவங்களுக்கும் அடிபட்டுச்சுன்னு ஒரு கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு, அந்த வருஷமே நவம்பர்ல சமரசமாகி சக்கரத்த சரியா மாட்டுறது எப்படின்னு வீடியோ போட்டு, மாத்து பாகமும் குடுக்க வேண்டியதாச்சு. இந்த தொழில்ல இருக்கிற உங்களுக்கு இது தெரியாம இருக்காது.

எனக்கு வேண்டியது இதுதான். 18,499 ரூபாயும் விசிட் சார்ஜ் 850 ரூபாயும் முழுசா திரும்ப வேணும், கூப்பனும் வேணாம், வேற மாடலும் வேணாம். பெட்டியிலயும் வெப்சைட்லயும் 0 மாசம்ங்கிறத எடுத்துட்டு ஆறு மாசம்னு முன்பக்கத்துலயே பெருசா போடுங்க, ஓடுற படத்த எடுங்க. எல்லாத்தையும் விட முக்கியம், இதே பேட்ச் வண்டி வாங்கினவங்க போன் நம்பர் எல்லாம் உங்ககிட்ட இருக்கு, லீவர செக் பண்ணுற வரைக்கும் குழந்தைய அதுல வைக்காதீங்கன்னு அவங்களுக்கு இன்னைக்கே மெசேஜ் அனுப்புங்க. பணத்த ஒரு வாரம் கழிச்சு குடுத்தாலும் நான் பொறுத்துக்குவேன், அந்த மெசேஜுக்கு பொறுக்க முடியாது. இன்னைக்கு சாயங்காலமும் எங்கயோ ஒரு அம்மா கைப்பிடிய அழுத்தி அத நடைபாதையில ஏத்திக்கிட்டுதான் இருப்பாங்க.

2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டதா பதில் குடுக்கணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். உங்க முதல் பதில் வந்ததே ஏழாவது நாள். ஜூலை 4ஓட மாசம் முடியுது. அதுக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுறேன், நான் குடியிருக்கிற ஊர்லயே போடலாம், இந்த தொகைக்கு ஃபீஸும் இல்ல. சக்கரம் கழண்டதுக்கு குறைபாடுள்ள பொருள்னும், பெட்டி மேல இருந்ததுக்கு தவறான விளம்பரம்னும் ரெண்டையும் சேத்தே போடுவேன்.

வண்டி இப்ப எங்க ஹால்ல இருக்கு. சக்கரம், ராடு, நட்டு மூணையும் தனியா ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி ஒட்டி வச்சிருக்கேன், எந்த பாகத்தையும் மாத்தல. எடுக்க வர்றவங்க முதல்ல போட்டோ எடுத்து, வாங்கிக்கிட்டதா கையெழுத்து போட்டுக் குடுத்தா மட்டும்தான் குடுப்பேன். பாப்பா மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் தூங்குவா, அந்த நேரம் தவிர எப்ப வேணும்னாலும் வரச்சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க ஸ்ட்ரோலர நம்பி வாங்கின ஒரு அம்மா
(ஆர்டர் நம்பர், போன் நம்பர், பில், டாக்டர் சீட்டு, வீடியோ எல்லாம் மெயிலோட இணைச்சிருக்கேன்)