அந்த நைட்ரைல் கேஸ்கெட்டை வைத்துச் சோதித்துப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் மூத்த மகள் படிப்பு முடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டாள் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். டூல் ரூமில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் வேலை பழகிய காலத்தில் நம் இருவருக்கும் அவள் வயதுதான். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று மாதமாகிறது. வெர்னியரின் கோடுகள் மறுபடி பிரிந்து தெரிகின்றன. அந்தச் சந்தோஷத்தை உன்னைப் போல ஒருவனுக்குத்தான் சொல்ல முடியும்.

இனி நீ கேட்ட விஷயம். எக்செல் தாள்களைப் பார்த்துவிட்டு "இது இனிமேல் தாங்காதுப்பா" என்று அவள் சொன்னாளாமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஸ்டாக் ஒரு தாளில், ஆர்டர் ஒரு தாளில், ரப்பர் மோல்டிங் கணக்கு இன்னொன்றில் என்று இருந்தால், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற நாள் வருவதே இல்லை. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் இஆர்பி சாஃப்ட்வேருக்கு, அதிலும் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஒன்றுக்குப் போகலாமா, போனால் எது என்று கேட்டிருக்கிறாய். போகலாம். எது என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஏன் ஓப்பன் சோர்ஸ் பக்கம் வந்தேன் என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அதற்கு முன் ஏழு வருடம் வேறொரு சாஃப்ட்வேர் வைத்திருந்தோம். விற்றவர் தொழிலையே நிறுத்திவிட்டார். எங்கள் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதியது வாங்கியபோது லைசென்ஸ் சாவி கொடுக்க ஆள் இல்லை. டேட்டா முழுதும் அந்த சாஃப்ட்வேர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பில் இருந்தது. அடுத்த மாதமே ஒரு வாடிக்கையாளர் நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய வால்வில் விரிசல் என்று அனுப்பினார். அது எந்த ஹீட் நம்பர் (உலையில் ஒருமுறை உருக்கியதற்கான எண்) பித்தளை ராடில் கடைந்தது, அதே ராடில் இன்னும் எத்தனை வால்வு போனது என்று அவர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வருடம் எனக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. நம் டேட்டா நம் கையில் இருக்கிற ஒரு சாதாரண டேட்டாபேஸில் இருக்க வேண்டும், சர்வீஸ் தருபவர் போய்விட்டாலும் வேறொருவர் வந்து தொடர முடிய வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். லைசென்ஸ் கட்டணம் இல்லை என்பது எனக்கு இரண்டாம்பட்சம்தான். அந்தப் பணம் வேறு வழியில் செலவாகத்தான் செய்யும்: டேட்டா ஏற்ற, ஆட்களைப் பழக்க, சர்வர் பார்த்துக்கொள்ள.

களத்தில் இருப்பவை பல. நான் நெருங்கிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஓடூ 2005ல் பெல்ஜியத்தில் டைனிஇஆர்பி என்ற பெயரில் தொடங்கியது, பிறகு ஓப்பன்இஆர்பி ஆனது, 2014ல் இன்றைய பெயருக்கு வந்தது. இஆர்பிநெக்ஸ்ட் மும்பையைச் சேர்ந்த பிராப்பே நிறுவனத்துடையது. இரண்டும் பைத்தானில் எழுதியவை. டேட்டாபேஸ் ஓடூவுக்கு போஸ்ட்கிரெஸ், இஆர்பிநெக்ஸ்டுக்குப் பெரும்பாலும் மரியாடிபி. டோலிபார் சின்னது, பிஎச்பியில் ஓடுவது, எளிதாக நிறுவிவிடலாம். பில்லும் ஸ்டாக்கும் முக்கியம், உற்பத்தி எளிமையானது என்றால் அது போதும். உனக்குப் போதாது. டைனிஇஆர்பியிலிருந்து 2008ல் பிரிந்த டிரைடானும், ஜாவாவில் எழுதிய ஐடெம்பியரும் உறுதியான வேலைப்பாடுகள். ஆனால் அவை தெரிந்த ஆள் உன் பக்கத்தில் கிடைக்காவிட்டால் தவிப்பாய். ஆகவே உனக்குப் போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ஓடூவில் இரண்டு பதிப்பு. கம்யூனிட்டி பதிப்புதான் ஓப்பன் சோர்ஸ், அதன் லைசென்ஸ் எல்ஜிபிஎல். என்டர்பிரைஸ் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், அதன் லைசென்ஸும் வேறு. டெமோவில் கண்ணைப் பறிக்கிற பல பகுதிகள் என்டர்பிரைஸில் இருப்பவை: தர ஆய்வு, மாஸ்டர் உற்பத்தித் திட்டம், டிராயிங் திருத்தங்களைப் பின்தொடர்வது, முழுமையான கணக்கு. கம்யூனிட்டியில் பில் போடலாம், ஆனால் இருப்புநிலைக் குறிப்பு போன்ற அறிக்கைகளுக்கு ஓசிஏ என்ற தன்னார்வலர் சங்கம் வெளியிடும் மாட்யூல்களைச் சேர்க்க வேண்டும். அவை நல்ல தரமானவைதான், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெர்ஷன் மாறும்போது ஒவ்வொரு மாட்யூலும் புதியதற்கு வந்துவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்க நேரும். இஆர்பிநெக்ஸ்டில் கணக்கு, தர ஆய்வு, உற்பத்தி எல்லாம் ஜிபிஎல் என்ற ஒரே ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் ஒன்றாகவே வருகின்றன. நான் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாய். ஜிபிஎல் சாஃப்ட்வேரை உன் பட்டறைக்காக நீ மாற்றிக்கொண்டால், அதை ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டியதில்லை. பிறருக்கு அதன் பிரதியைக் கொடுத்தால்தான் மூலநிரலையும் கொடுக்கும் கடமை வருகிறது.

ஆனால் நண்பா, பட்டியல் போட்டு டிக் அடித்துத் தேர்வு செய்யாதே. எல்லா சாஃப்ட்வேரிலும் எல்லா டிக்கும் விழும். உன்னிடம் இருப்பதிலேயே அதிகத் தொல்லை தருகிற ஒரு பொருளை எடுத்துக்கொள். போன தடவை சொன்னாயே, நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட், உள்ளே உலோக வளையம் வைத்து மோல்ட் செய்வது. அது ஒன்றை மட்டும் ஆர்டர் வாங்குவதிலிருந்து பில் போடுவது வரை இரண்டு சாஃப்ட்வேரிலும் நடத்திப் பார். அதை யார் நடத்துகிறார் என்பதும் முக்கியம். விற்க வருகிறவர் ஓட்டிக் காட்டக் கூடாது, உன் ஸ்டோர்ஸில் இருப்பவர் தன் கையால் பதிய வேண்டும்.

எங்கே இடிக்கும் என்று இப்போதே சொல்கிறேன். முதல் இடம் காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவையின் பார்முலா. உதாரணத்துக்கு நைட்ரைல் 100 பங்கு, கார்பன் பிளாக் 50, பிளாஸ்டிசைசர் 10, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் ஆசிட் 1, சல்பர் 1.5, ரப்பர் வேகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டர் 1 என்று வைத்துக்கொள். மொத்தம் 168.5 பங்கு. இதை ஒரு கிலோ காம்பவுண்டுக்கு என்று பிஓஎம்மில், அதாவது ஒரு பொருள் செய்ய எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலில், எழுதினால் ஆக்சிலரேட்டர் சுமார் 6 கிராம், அதாவது 0.006 கிலோ. ஓடூவில் அளவுகளுக்குத் தொடக்கத்தில் இரண்டு தசம இடம்தான் இருக்கும். 0.006 அங்கே 0.01 ஆகிவிடும். 6 கிராம் 10 கிராமாக மாறிவிட்டது. திரையில் யாருக்கும் தப்பாகவே தெரியாது. அந்தக் காகிதத்தைப் பார்த்து எடை போட்டால் ரப்பர் மோல்டை நிரப்பும் முன்பே வெந்துவிடும் என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும். தசம இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு செட்டிங் இருக்கிறது. அதைவிட நல்ல வழி, பிஓஎம்மை ஒரு முழு மிக்ஸிங்குக்கு எழுதுவது. மேலே சொன்ன பார்முலாவில் நைட்ரைல் 20 கிலோ போட்டால் மொத்தம் 33.7 கிலோ, ஆக்சிலரேட்டர் 200 கிராம். மிக்ஸிங் மில்லில் நிற்பவர் எடை போடுவதும் அப்படித்தானே. காம்பவுண்டுக்கு ஒரு பிஓஎம், அந்தக் காம்பவுண்டும் வளையமும் சேர்ந்த கேஸ்கெட்டுக்கு அதன் மேல் இன்னொன்று.

அடுத்தது காம்பவுண்டின் ஆயுள். ஒவ்வொரு மிக்ஸிங்குக்கும் ஒரு பேட்ச் நம்பர், அதற்கு ஒரு காலாவதி தேதி. இரண்டு சாஃப்ட்வேரிலும் இதற்கு இடம் உண்டு. சோதிக்கும்போது வேண்டுமென்றே பழைய பேட்ச் ஒன்றை எடுத்து வழங்கிப் பாருங்கள், எச்சரிக்கிறதா, தடுக்கிறதா, கண்டுகொள்ளாமல் விடுகிறதா என்று.

மூன்றாவது கழிவு. இதில் உன் தொழிலும் என் தொழிலும் வேறு. கடையும்போது விழும் என் பித்தளைச் சுருள் உலைக்குப் போய் மறுபடி ராடாகி வரும். ஆகவே அதை மதிப்புள்ள பொருளாக ஸ்டாக்கில் ஏற்றி, அந்த மதிப்பை வால்வின் அடக்க விலையிலிருந்து கழிக்கிறேன். மோல்டின் ஓரத்தில் பிதுங்கும் உன் பிளாஷ் வெந்த ரப்பர், திரும்ப உருகாது. அதை இழப்பு சதவீதமாகப் போட்டால்தான் கேஸ்கெட்டின் உண்மையான அடக்கம் தெரியும். இஆர்பிநெக்ஸ்டின் பிஓஎம்மில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

இனி நான் செய்த பிழை ஒன்று. நீ அதைச் செய்யாமல் இருந்தால் போதும். பொருள் முடிந்ததும் பிஓஎம்மில் உள்ள அளவை சாஃப்ட்வேரே ஸ்டாக்கிலிருந்து கழித்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஒரு வால்வு பாடிக்கு ராடு 320 கிராம், கடைந்து முடித்தால் 180 கிராம், மீதி 140 சுருள். கணக்கு மாதாமாதம் அழகாக வந்துகொண்டிருந்தது. அரை வருடம் கழித்து ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்தபோது ராடு குறைந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் முழுக்க மனதில் சந்தேகத்தோடு நடந்தேன், நல்லவேளையாக வாய்விட்டுக் கேட்கவில்லை. காரணம், ராடை வெட்டித் துண்டாக்கும் பார்ட்டிங் டூலை அகலமானதாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வெட்டிலும் கூடுதலாகப் பதினைந்து கிராம் போல சுருளாகிக்கொண்டிருந்தது. பிஓஎம்மோ எனக்கு 320 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது உண்மையில் எடை போட்டுக் கொடுத்ததை வைத்துக் கழிக்கிறோம். இஆர்பிநெக்ஸ்டில் உற்பத்தி செட்டிங்கில் இதற்கு ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது: பிஓஎம் படியா, வழங்கியபடியா. முதல் நாளே இரண்டாவதை வை. ஒரு பேட்ச் தராசில் ஏறி இறங்க இரண்டு நிமிடம் அதிகமாகும், பரவாயில்லை. ஸ்டாக் பூஜ்யத்துக்குக் கீழே போக அனுமதிக்கும் தேர்வையும் திறக்காதே. அவசரம் என்று எல்லோரும் கேட்பார்கள், நீ கொடுக்காதே.

என் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதனால் எழுதுகிறேன். எக்செலில் தவறு வந்தால் அழித்துவிட்டு மேலே எழுதிப் பழகியவர் அவர். புதியதில் ஒரு ரசீதை உறுதி செய்துவிட்டால் அழிக்க முடியாது, ரத்து செய்துவிட்டுத் திருத்திய பிரதி போட வேண்டும், பழையதும் கண்ணெதிரே அப்படியே நிற்கும். தன் தவறுகளைப் பதிந்து வைத்துக் காட்டுகிற இயந்திரம் என்று அவர் மனம் நொந்துபோனார். இரண்டு வாரம் மதியம் முழுதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்த இரண்டு வாரம் நான் லேத் பக்கம் போகவே இல்லை. ஒரு நாள் சப்ளையர் ஒருவர் அனுப்பிய சரக்கின் எடையில் தகராறு வந்தது. அண்ணன் தேதி, நேரம், திருத்தம் எல்லாவற்றையும் திரையில் காட்டித் தன் பக்கம் சரி என்று நிரூபித்தார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீயும் அந்த இரண்டு வாரத்தை ஒதுக்கு. மகளிடம் மட்டும் விட்டுவிடாதே. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், ஆனால் உன் ஆட்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் இதை நம்புவார்கள்.

ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். முதலில் ஸ்டோர்ஸும் கொள்முதலும், அது நிலைத்தபின் உற்பத்தி, கடைசியில் கணக்கு. பட்டறை மூடியிருக்கும் ஒரு நாளில் எல்லாச் சரக்கையும் எண்ணி, எடை போட்டு ஓப்பனிங் ஸ்டாக் ஏற்று. பழைய எக்செல் எண்ணை அப்படியே ஏற்றிவிடாதே.

பேக்கப் எடுக்கிறோம் என்று உன் மகள் எழுதச் சொன்னாளாம். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்த்தாளா என்று கேள். டேட்டாபேஸ் மட்டும் போதாது, டிராயிங் இணைப்புகள் தனி போல்டரில் இருக்கும், அதுவும் வேண்டும். இஆர்பிநெக்ஸ்ட் என்றால் சைட் கான்பிக் கோப்பும் வேண்டும், சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. டேட்டா ஏற்றத் தொடங்கும் முன்பே இதை ஒருமுறை செய்துவிடுங்கள். புதிய வெர்ஷன் வரும்போதும் அப்படித்தான், முதலில் பிரதியில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் நிஜத்தில். உங்களுக்கென்று கூடுதல் கட்டங்கள் வேண்டுமென்றால் திரையிலிருந்தே சேர்க்கும் வசதி இருக்கிறது. மூல நிரலில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் அந்த வேலை போய்விடும்.

சர்வீஸுக்கு ஆள் தேடும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, "நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் எனக்கு என்ன கையில் இருக்கும்?" என்பதுதான். தயங்காமல் பதில் சொன்னவரையே வைத்துக்கொண்டேன். சர்வர் பாஸ்வேர்ட் ஒரு உறையில் என் மேஜையில் இருக்கிறது.

அந்தக் கேஸ்கெட்டின் பார்முலாவையும், வளையம் எங்கே பூச்சுக்குப் போய் வருகிறது என்பதையும் எழுதி அனுப்பு. பார்முலா ரகசியம் என்றால் பங்குகளை மாற்றி எழுது, எனக்குப் பொருள்களின் வரிசை தெரிந்தால் போதும். என் சோதனை சர்வரில் இரண்டு பிஓஎம்மும் போட்டு வைக்கிறேன். அடுத்த மாதம் நீயும் மகளும் வரும்போது, ஸ்டோர்ஸ் ஆளையும் கூட்டி வா. என் ஸ்டோர்ஸ் அண்ணன் அவருக்குச் சொல்லிக் கொடுப்பார், அவரிடமே கேட்டுவிட்டேன், சரி என்றார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்