வாடகை விளம்பரத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது வாடகை விளம்பரப் பக்கத்தைத்தான். எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற்றுக்கு ஆள் தேடுவதும் அந்தப் பக்கத்தின் மூலம்தான். "மார்க்கம் - எக்ளிங்ரன் சந்திக்கு அருகில் இரண்டறை பேஸ்மென்ற், தனி வாசல், பஸ் வசதி, ஹைட்ரோ (மின்சாரக் கட்டணம்) உட்பட" என்று போடுகிறோம். புகைபிடிக்காதவர் வேண்டும், சைவக்காரர் என்றால் நல்லது என்றும் சேர்க்கிறோம். ஆனால் அந்த வீட்டில் புகை அலாரம் வேலை செய்கிறது என்று எழுதிய ஒரு விளம்பரத்தையும் நான் இதுவரை காணவில்லை. அந்த வரியை விளம்பரம் தருபவர்களிடம் நீங்கள் கேட்டு வாங்கிப் போடவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒன்ராறியோவில் இது வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விட்ட விசயமில்லை. வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது மாகாணத் தீப்பாதுகாப்பு விதி. ஒவ்வொரு தளத்திலும் என்பது 2006 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேஸ்மென்ற்றும் ஒரு தளம்தான். வாடகைக்கு விட்ட வீடென்றால் அலாரத்தைப் பூட்டுவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு முறையும், குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். பராமரிப்புக் குறிப்புகளையும் வாடகைக்கு வருபவரிடம் கொடுக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர் அதைக் கழற்றவோ பற்றறியை எடுக்கவோ கூடாது; பழுதென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும். விதியை மீறும் தனிநபருக்கு முதல் தடவையிலேயே 50,000 டொலர் வரை அபராதமும் ஒரு வருடம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கள் வீடுகளில் அலாரம் ஏன் கழன்று கிடக்கிறது? குசினிதான் காரணம். செத்தல் மிளகாய் வறுத்தால் கத்துகிறது, மீன் பொரித்தால் கத்துகிறது, தாளிதச் சட்டியை அடுப்பில் வைத்தாலே கத்துகிறது. பிள்ளை நித்திரை, மேலே வயதான அம்மா திடுக்கிட்டு எழும்புகிறார். உடனே யாராவது கதிரையில் ஏறிப் பற்றறியைக் கழற்றி விடுகிறார்கள். சமையல் முடிந்தபின் திரும்பப் போடவேண்டும் என்று நினைத்துத்தான் கழற்றுகிறார்கள், ஆனால் போடுவதில்லை.

போன செப்ரெம்பரில் கல்லூரிக்கு வந்த என் பெறாமகனுக்கு அறை தேடிப் போனோம். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று அறை, ஒரு குசினி. நடையின் சீலிங்கில் இருந்த அலாரத்தின் மேல் பலசரக்குக் கடைப் பை ஒன்றைக் கவிழ்த்து, றப்பர் பாண்டால் இறுக்கியிருந்தார்கள். பை முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. அதை எடுத்து அலாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பற்றறி இல்லை. பின்பக்கத்தில் தயாரித்த வருடம் 2007 என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டால், "அக்கா, சமைக்கேக்கை அது சும்மா சும்மா கத்தும். பெடியள்தான் மூடி வைச்சவங்கள்" என்றார். மரியாதையான மனிதர், பெடியங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பவர். ஆனால் அந்த அலாரத்தைச் சோதிக்கும் கடமை தனக்கிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்கள் அந்த அறையை எடுக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த மூன்று பேரை நினைத்தால் இன்னும் மனம் சரியில்லை.

சமையலுக்குக் கத்தும் தொல்லைக்கு வழியிருக்கிறது. பழைய மலிவான அலாரங்களில் பெரும்பாலானவை அயனாக்க வகை. உள்ளே அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். பொரியல், வறுவலில் எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்கு இந்த வகை சட்டென்று கத்திவிடும். மற்ற வகை ஒளிமின் அலாரம். அதற்குள் ஒரு ஒளிக்கற்றை இருக்கும், புகை புகுந்து ஒளியைச் சிதறடித்தால் கத்தும். சோபாவிலோ மெத்தையிலோ தணல் பிடித்து மெல்ல மெல்லப் புகையும் தீயை இது முந்திக் கண்டுபிடிக்கும். தாளிதத்துக்குக் கத்துவதும் குறைவு. பெட்டியில் 'போட்டோஎலெக்ட்ரிக்' என்று எழுதியிருக்கும். எங்கள் சமையலுக்கு இதைத்தான் வாங்கவேண்டும். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளிப் பூட்டுங்கள். சில நிமிடம் மட்டும் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் உள்ளதாகவும், பத்து வருடத்துக்குப் பற்றறி மாற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்டதாகவும் பார்த்து வாங்கினால் கதிரையில் ஏறும் வேலையே இல்லை. பத்து வருடம் முடிந்தால் அலாரத்தையே மாற்றவேண்டும். உள்ளே இருக்கும் உணரி பழசாகிப் போய்விடும். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காக வைத்திருக்கக் கூடாது.

முழித்திருக்கும்போது தீப்பிடித்தால் மணந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆழ்ந்த நித்திரையில் புகை மணம் எங்களை எழுப்பாது. அதிலுள்ள நச்சுவாயு இன்னும் ஆழமாக மயங்க வைத்துவிடும். பேஸ்மென்ற்றில் இருப்பவருக்கு வெளியே வர ஒரு படிக்கட்டுதான், அந்தப் படிக்கட்டும் பல வீடுகளில் குசினியைத் தாண்டித்தான் போகிறது. யன்னலோ ஆள் நுழைய முடியாத அளவு சின்னது. மேலே இருப்பவர்களும் இதை யோசிக்கவேண்டும். கீழே அலாரம் கத்தினால், இரண்டு கதவைச் சாத்திவிட்டு மேல்மாடியில் படுத்திருப்பவருக்குக் கேட்காமல் போகலாம். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்படி இணைத்த அலாரங்கள் இப்போது வயர் இழுக்காமலே கிடைக்கின்றன. வீட்டைப் பிரித்து வாடகைக்கு விடுபவர்கள் அதைப் பூட்டினால் இரண்டு குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

கூடவே காபன் மொனொக்சைட் அலாரத்தையும் சொல்லவேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரியும், அவருடைய கணவரும், இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே இந்த வாயுவால் இறந்துபோனார்கள். புகைபோக்கி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்த சட்டத்தின் கீழ்த்தான் 2014 ஒக்ரோபர் 15 முதல் இந்த அலாரம் கட்டாயமானது. முதலில் படுக்கையறைகளுக்கு அருகில் என்றுதான் இருந்தது. வீட்டைச் சூடாக்கும் காஸ் பேர்னஸோ, நெருப்பு மூட்டும் அடுப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் பேர்னஸ் இருப்பது பேஸ்மென்ற்றில், வாடகைக்கு இருப்பவரின் கட்டிலுக்குப் பக்கத்து அறையில்.

"கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவார்களே" என்று பயப்படும் மாணவர்களை எனக்குத் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், அறை கிடைத்ததே பெரிய காரியம் என்று வாயைத் திறக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டியது இது: பாதுகாப்பு விதியை மீறியதாக அரச அலுவலகத்தில் முறையிட்டதற்காக வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முயன்றால், வாடகைத் தீர்ப்பாயம் அதை மறுத்தே ஆகவேண்டும். வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்பவர்களுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது, ஆனால் தீப்பாதுகாப்பு விதி அவர்கள் வீட்டுக்கும் உண்டு. ரொறன்ரோவில் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்தால் போதும்.

ஸ்காபறோவில் அறையறையாக வாடகைக்கு விடும் வீடுகளுக்கு முன்பு அனுமதியே இல்லை. 2018இல் அப்படி ஒரு வீட்டில் தீப்பிடித்து ஒரு பல்கலைக்கழக மாணவி இறந்தார். 2024 மார்ச் 31 முதல் உரிமம் எடுத்து, சோதனைக்கு உட்பட்டு நடத்தலாம் என்று மாநகரசபை வழிவிட்டிருக்கிறது. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இப்படி அறை விடுகிறார்கள். இனியும் பயந்து ஒளித்து நடத்தத் தேவையில்லை, முறையாகச் செய்யலாம்.

என் வீட்டில் ஆள் வரும் நாளில் சாவியைக் கொடுக்கமுன் அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு அலாரத்தையும் அழுத்திக் கேட்கவைப்பேன். திகதி போட்டு ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம். வீட்டுக்காரருக்கும் அது நல்லது, நாளைக்கு ஏதும் நடந்தால் சோதித்ததற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். விளம்பரப் படிவத்தில் இரண்டு கேள்வி சேருங்கள்: புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் எல்லாத் தளத்திலும் உண்டா, எந்த வருடம் தயாரித்தவை? பதிலை விளம்பரத்திலேயே போடுங்கள். பதில் தராதவரின் விளம்பரத்தை அது வரும்வரை நிறுத்தி வையுங்கள். செப்ரெம்பர் மாணவர் வரவுக்கு முன், ஓகஸ்ற் முதல் இதழிலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபறோ