மூன்றாவது முறையும் அதே மாத்திரையா?

மெடிக்கல் ஷாப் நடத்தும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் ஒரு மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்கிறீர்கள் என்று சண்டை போட இதை எழுதவில்லை. நானும் அப்படி வாங்கியவள்தான். கடையில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, கைக்குள் மடித்து வைத்திருந்த பழைய அட்டையை நீட்டி, "இதே ஒண்ணு குடுங்கண்ணா" என்பேன். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குப் போடுவது. ஒரே மாத்திரை, பேப்பரில் சுற்றி வரும். முதல் தடவை அரிப்பு இரண்டு நாளில் அடங்கியது. நாலாவது தடவை அடங்கவே இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, பஞ்சுக் குச்சியில் ஸ்வாப் எடுத்துக் கொடுத்து, கல்ச்சர் போடச் சொன்னேன், அதாவது அதிலிருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. நாங்கள் பயன்படுத்தும் நிறம் காட்டும் தட்டில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற பூஞ்சை பச்சையாக வளரும். வெள்ளைப்படுதலோடு வருகிற பூஞ்சை பெரும்பாலும் இதுதான். இதைச் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், முளைகட்டிய பயறு மாதிரி ஒரு வால் விடும். என் தட்டில் இருந்ததோ இளஞ்சிவப்பு. வாலும் விடவில்லை. அது க்ளாப்ராட்டா என்கிற வேறு வகைக் கேண்டிடா.

ஃப்ளூகோனசோல் இந்தப் பூஞ்சைகளைக் கொல்வதில்லை. அவற்றின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைச் செய்யவிடாமல் தடுத்து, வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். க்ளாப்ராட்டாவோ உள்ளே வந்த மருந்தை மோட்டார் போட்ட மாதிரி வெளியே இறைத்துவிடும். திரும்பத் திரும்ப அதே மாத்திரையைப் போட்டால், நன்றாக இறைக்கத் தெரிந்தவை மட்டும் மிஞ்சிப் பெருகும். க்ரூசே என்று இன்னொன்று இருக்கிறது, அது பிறவியிலேயே இந்த மாத்திரைக்கு மசியாது.

க்ளாப்ராட்டாவுக்கு டாக்டர்கள் எழுதுகிற மருந்துகளில் ஒன்று 600 மில்லிகிராம் போரிக் ஆசிட் கேப்ஸ்யூல், பிறப்புறுப்பில் வைப்பது. ஆமாம், கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பெரும்பாலும் அதேதான். அதற்காக அந்த டப்பாவை யாருக்கும் சிபாரிசு செய்துவிடாதீர்கள். வாய்க்குள் போனால் விஷம், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

இன்னொன்று, அரிப்பெல்லாம் பூஞ்சையும் அல்ல. அமெரிக்காவில் தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்துப் பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியாத் தொற்று, இன்னும் சிலருக்கு வேறு ஏதேதோ.

இதையெல்லாம் டாக்டர்களிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சீட்டு இல்லாமல் திரும்பத் திரும்ப வாங்குகிற பெண் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு வருஷத்தில் மூன்றாவது தடவையாக அவள் வந்து நிற்கிறாள் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அவளே சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசினோ எம்பாக்ளிஃப்ளோசினோ வாங்குகிறாளா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன, பூஞ்சைக்கு அது விருந்து. அந்தப் பெண்ணிடம் "சர்க்கரை டாக்டர்கிட்ட இந்த அரிப்பையும் சொல்லுங்கம்மா" என்றாலே பாதி வேலை முடிந்தது. அவளாக அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் தடவை கொடுத்தீர்கள், சரி. மூன்றாவது தடவை அதே அட்டையை நீட்டினால், கொடுக்கும் முன் குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, ஸ்வாப் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் மாத்திரை போடாதீங்க, போட்டா தட்டுல ஒண்ணும் வளராமப் போகலாம்" என்று சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதல் தடவையே இந்த மாத்திரை வேண்டாம், டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். கூட்டம் இருந்தால், இதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தப் பேப்பருக்குள் வைத்துச் சுற்றிக் கொடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் ஒருத்தி