மடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் மடத்தின் திருப்பணி நிறைவுபெற்றுவிட்டது. உளுத்த கூரை மரங்களை மாற்றி, ஓடு வேய்ந்து, தெற்குச் சுவருக்குச் சுண்ணாம்பும் பூசியாகிவிட்டது. ஓடு கொண்டுவந்தவர் உடைந்தவற்றையும் எண்ணிக் காசு கேட்டதால் இரண்டு கிழமை வேலை நின்றது. வரவு செலவு முழுவதையும் பொருளாளர் மடத்து வாசலில் ஒட்டியிருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம். வழியில் மறிப்பவர்கள் எல்லாரும் எங்களிடம் கேட்பது பலகையைப் பற்றித்தான். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

மடத்து உட்சுவரில் தொங்கிய படத்தை அறிவீர்கள். இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர்களாகச் சேர்ந்த நம் ஊரவர்கள், காக்கி அரைக்காற்சட்டையோடு இரண்டு வரிசையில் நிற்கும் படம். சட்டத்தைக் கழற்றியபோது முன்வரிசையின் சப்பாத்துகளைச் செல் தின்றிருந்தது. முகங்கள் தப்பிவிட்டன. படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டோம். அதன் கீழே வைக்கும் பலகைக்கு முதலில் நாங்கள் எழுதிய வாசகம், “1942இல் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட நம் வீரர்கள்” என்பது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் 1942 ஏப்ரல் 9 காலையில் நடந்தது வேறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியக் கடற்படை, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைத் திருகோணமலைமீது ஏவியது. எதிர்த்தவை விமான எதிர்ப்புப் பீரங்கிகளும், சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களும். முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. தோளில் துவக்கோடு நின்ற காலாட்படைக்காரனால் அன்று வானத்தைப் பார்க்கத்தான் முடியும். அவனை நிறுத்தியது எதிரி கரையிறங்கினால் தடுப்பதற்கு. எதிரி கரையிறங்கவே இல்லை.

“எங்கள் அப்பு வெறும் காவல்காரரா?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கோபித்துக்கொண்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கிய அந்தக் காலாட்படையில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள். வேலை முடிந்த பின் அணிவகுப்பு, ஆண்டுக்கொரு முறை தியத்தலாவை முகாம் என்று பழகியவர்களை 1939 செப்டம்பரில் முழுநேரச் சேவைக்கு அழைத்தார்கள். வராத எதிரிக்காக, முள்ளுக்கம்பிக்குப் பின்னால், நுளம்புக்கடியில் ஆண்டுக்கணக்கில் விழித்திருப்பது சின்ன வேலை அல்ல. அதற்குப் பொய் மெருகு தேவையில்லை என்பது செயற்குழுவின் முடிவு. பலகையில் இப்போது “இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள், 1939 முதல் காவல் நின்றவர்கள்” என்று மட்டுமே இருக்கிறது. அந்த உறுப்பினரே திரைநீக்கம் செய்துவைத்தார்.

அடுத்தது, பின்வளவுக் குழி. அது இந்தத் தொண்டர்கள் வெட்டிய பதுங்குகுழி என்று சொல்லித்தான் உங்களிடம் பணம் சேர்த்தோம்; ஒப்புக்கொள்ளவேண்டும். துப்புரவாக்க இறங்கிய மேசன், ஓர் முழ ஆழத்தில் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கையால் எதையோ இழுத்தார். வெள்ளையாக, நார்நாராகப் பிரிந்த பை. உதறிப்பார்த்தால் யூரியா உரப்பை. 1942இல் மண்மூட்டை என்றால் சணற்சாக்கு. நைலோன் உரப்பை எங்கே இருந்தது? சுற்றி நின்றவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பைகளில் மண் நிரப்பிய கைகள் அங்கேயே இருந்தன. யாரும் ஒன்றும் பேசவில்லை. மேசன் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

குழிக்கென்று ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதைக் கிணற்றுக் கட்டுக்கு மாற்றியிருக்கிறோம். குழியை மூடவில்லை, பலகையும் வைக்கவில்லை. பிள்ளைகள் விழாமலிருக்கச் சுற்றிவரக் கம்பி அடித்திருக்கிறோம்.

செயற்குழுவினர்
திருகோணமலை