கடுமுகம் கொண்டவர்களின் கருணையும் அதற்கு விலை கொடுத்தவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் வருகிற சிடுசிடுப்பான, அதிகம் பேசாத, ஆனால் உள்ளுக்குள் ஈரமுள்ள ஆண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பாத்திரங்கள் பழைய குடும்ப அமைப்பின் மிச்சம் என்றும், இன்றைய தலைமுறை அவர்களை ரசிக்க வேண்டிய தேவை இல்லை என்றும் கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கடுமையையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளியதில், நம் மொழியில் எழுதப்பட்ட மிகச் சிறந்த மனிதர்கள் சிலரையும் அவர் சேர்த்தே தள்ளிவிட்டார். குடியாத்தத்திலும் வேலூரிலும் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட மனிதர்களின் கதைகளை வாசகர்கள் எவ்வளவு விரும்பிக் கேட்டு எடுத்துச் செல்வார்கள் என்பதை நேரில் கண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் ஒரு வரியேனும் இடம்பெற்றிருக்க வேண்டியவர் ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில் வரும் கெத்தேல் சாகிப். பழைய வடார்க்காட்டின் பகுதியாக இருந்த திருவண்ணாமலையிலிருந்து வம்சி பதிப்பகம் 2011-ல் வெளியிட்ட ‘அறம்’ தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சாகிப், பார்த்தால் பயம் வரும் தோற்றம் உடையவர். யாரிடமும் குசலம் விசாரிக்க மாட்டார். சாப்பிட்டவர்கள் உண்டியலில் எவ்வளவு போடுகிறார்கள், போடுகிறார்களா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உறவினர் வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குச் சொல்லப்பட்டு, அரை வயிற்றோடு கல்லூரிக்குச் செல்லும் ஏழை மாணவன் ஒருவன் அந்தக் கடைக்கு வருகிறான். கையில் காசில்லையே என்று கூசி எழப் பார்ப்பவனை அவர் அதட்டி உட்காரவைத்து உண்ணச் செய்கிறார். பிற்பாடு அவன் வேலைக்குப் போய், பெருந்தொகையைக் கொண்டுவந்து அந்த உண்டியலில் போடும்போதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் தன்னைக் கண்டுகொள்ள மாட்டாரா என்று அவன் ஏங்குகிறான். எல்லோருக்கும் பரிமாறுவது போலவே அவனுக்கும் பரிமாறிவிட்டு அவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறார்.

சாகிப் ஏன் சிரிக்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போடுபவர் கனிவாகச் சிரித்து நலம் விசாரித்தால், வாங்கியவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். மறுநாள் அந்தச் சிரிப்பை எதிர்கொள்ளக் கூச்சப்பட்டு வராமலே நின்றுவிடுகிறான். சாகிபின் கடுமுகம் அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தான் பெறுகிறோம் என்ற எண்ணமே எழாதபடி ஒருவனுக்குக் கொடுப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான். கதை எந்த இடத்திலும் அவருடைய கருணையைத் தனியாக எடுத்துக் காட்டுவதில்லை. இலையில் வந்து விழும் மீனும் சோறும் ஒவ்வொரு பக்கத்திலும் நம் கண்ணெதிரே இருக்கின்றன. அதனாலேயே, மறைந்திருந்த கருணை என்று அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு வள்ளுவரிடமிருந்தே ஒரு தடை எழும் என்பதை அறிவேன். ‘அகன்அமர்ந்து ஈதலின் நன்றே முகன்அமர்ந்து இன்சொலன் ஆகப் பெறின்’ என்பது இனியவை கூறல் அதிகாரத்தில் வரும் குறள். மனமுவந்து பொருள் கொடுப்பதைக் காட்டிலும் முகம் மலர்ந்து இனிய சொல் கூறுவது மேல் என்பது அதன் கருத்து. நம் வடார்க்காட்டு மண்ணில் பிறந்த தமிழறிஞர் மு.வ.வும் (மு. வரதராசன்) தமது தெளிவுரையில் வளைத்தும் நெளித்தும் பொருள் சொல்லாமல் அப்படியேதான் எழுதியிருக்கிறார். வள்ளுவரை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. வீட்டிலும் தெருவிலும் பெரும்பாலான நேரங்களில் அவர் சொல்வதுதான் சரி. அப்படி இருக்கையில், இன்சொல்லும் மலர்ந்த முகமும் இல்லாத ஒருவரை நாம் நேசிக்கும்படி எழுத வேண்டுமானால் எழுத்தாளர் இரு மடங்கு உழைக்க வேண்டும். ஜெயமோகன் அந்த உழைப்பைச் செய்திருக்கிறார். இன்றைய திரைப்படங்கள் பலவற்றில் எனக்குத் தென்படாதது அந்த உழைப்புதான்.

முன்பு அதைச் செய்தவர்கள் திரையுலகிலும் இருந்தார்கள். உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் 1978-ல் எடுத்த ‘முள்ளும் மலரும்’ படத்தின் காளியை யாரும் மறந்திருக்க முடியாது. முரடன், எவருக்கும் வளையாதவன். தங்கை வள்ளி மீது மட்டும் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அந்தப் பாசமே அவள் விரும்பும் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிறது என்பதை மகேந்திரன் மூடி மறைக்கவில்லை. தங்கையின் திருமணத்துக்கு மனமிரங்கிச் சம்மதிக்கும் கடைசிக் காட்சியில்கூட, மாப்பிள்ளையாகப் போகும் பொறியாளரைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று காளி முகத்துக்கு நேராகச் சொல்கிறான். ஒரு கண்ணீர்த் துளியால் அவன் குணம் முழுவதும் கழுவப்பட்டுவிடவில்லை. முரடன் முரடனாகவே நிற்க, நமக்கு அவன் மீது மரியாதை வருகிறது. பாலாவின் ‘பிதாமகன்’ சித்தனைக் கட்டுரையாளர் இந்த வரிசையில் சேர்த்திருப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. மனிதர்களோடு பழகவே வாய்ப்பில்லாமல் சுடுகாட்டில் வளர்ந்தவனின் மௌனம் வேறு வகையைச் சேர்ந்தது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

தாகூர் 1892-ல் எழுதிய ‘காபூலிவாலா’ கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் மறைந்திருந்த உண்மை ஒன்று இறுதியில்தான் வெளிப்படுகிறது என்பதால், நான் சொல்வதற்கு அது எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். சிறையிலிருந்து திரும்பிய காபூல் வியாபாரி ரஹ்மத், தன் மகளின் கைத்தடம் பதிந்த அழுக்குக் காகிதத்தை மார்புக்குள்ளிருந்து எடுத்து விரிக்கும் இடத்தில் கலங்காத வாசகர் இல்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, மினி என்ற சிறுமியோடு அவன் உட்கார்ந்து பேசிச் சிரிப்பதையும் அவளுக்கு உலர்ந்த பழங்கள் கொடுப்பதையும் நாம் பார்த்துவிட்டோம். அந்தக் காகிதம் அவனுடைய அன்பின் ஊற்று எங்கே இருக்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. தனக்குப் பணம் தர வேண்டியிருந்தவனைக் கத்தியால் குத்தியதற்கு அவன் பெற்ற தண்டனையை அது தள்ளுபடி செய்வதில்லை.

இப்போது வழக்கமாகிவிட்ட முறை இதற்கு நேர்மாறானது. இரண்டு மணி நேரம் தந்தை மகனை அவமானப்படுத்துகிறார். ஊரார் முன்னிலையில் கை நீட்டுகிறார். மனைவி சமையலறை வாசலில் நின்று விம்முகிறாள். கடைசிப் பதினைந்து நிமிடங்களில் யாரோ ஒரு நண்பரோ, பெட்டியில் கிடைக்கும் பழைய கடிதமோ அவருக்குள் எவ்வளவு அன்பு இருந்தது என்று சொல்கிறது. உடனே மகன் காலில் விழுகிறான்; திரையரங்கம் அழுகிறது; மறுநாள் விமர்சனத்தில் ‘பலாப்பழம் போன்ற தந்தை’ என்று எழுதப்படுகிறது. 2006-ல் வெளிவந்த ‘எம் மகன்’ படத்தில், வளர்ந்த மகனை ஓயாமல் அடித்தும் திட்டியும் வைத்திருக்கும் தந்தையாக நாசர் மிக நன்றாக நடித்திருந்தார். அந்த நடிப்பின் வலிமையாலேயே அடியை அன்பென்று நாம் ஏற்றுக்கொண்டோம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ படத்தில் ராஜ்கிரண் செய்த தந்தையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். சிறு அச்சகம் நடத்தும் அந்த மனிதரின் பாசம், பிள்ளைகளுக்காக அவர் படும் பாட்டில் முதலிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. அதை வெளிப்படுத்த ஒரு பழைய கடிதம் தேவைப்படவில்லை.

பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ (1985) பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. வேறொருவனால் கருவுற்றிருந்த பெண்ணை, மாமனின் மானம் காக்க மணந்து, அந்த இரகசியத்தை வாழ்நாள் முழுவதும் வெளியே விடாமல் அவளுடைய ஏச்சையும் தாங்கிக்கொள்ளும் மலைச்சாமி உயர்ந்த மனிதர்தான். சிவாஜி கணேசன் அந்தப் பாரத்தைத் தோளிலேயே காட்டியிருப்பார். அவருடைய மௌனத்தின் விலையை அவரே கொடுத்தார் என்று நாம் நினைக்கிறோம். அந்த வீட்டில் அத்தனை ஆண்டுகள் அன்பான ஒரு வார்த்தை இல்லாமல் வாழ்ந்த அவர் மனைவி பொன்னாத்தாளும் அதில் பங்கு கொடுத்தவள் அல்லவா? படம் அவளை நமக்கு வெறும் வாயாடியாகவே காட்டிவிட்டது.

வேலூரில் இத்தகைய மனிதர் ஒருவரை நான் அறிவேன். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் மேலாளராக இருந்தவர், மாலையில் எங்கள் நூலகத்துக்கு வந்து நாளிதழ்களைப் படித்துவிட்டு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து போவார். அறையில் ஸ்டவ் பற்றவைத்தால் வடநாட்டுக் குடும்பங்கள் மீது அவர் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். ஆனால் நோயாளி இறந்துவிட்டால், உடலை அவ்வளவு தொலைவு கொண்டுசெல்ல வசதியில்லாதவர்களுக்குப் பாலாற்றங்கரையில் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து, முடியும் வரை ஓரமாக நிற்பவரும் அவர்தான். வாடகை பாக்கியோடு கலங்கி நின்ற ஒருவரைப் பார்த்து, அறைப் பையனிடம், “இன்னாத்துக்கு நின்னுனு கீறாரு? கணக்கு முடிஞ்சிபோச்சின்னு சொல்லு, ரயிலுக்கு நேரமாவுது” என்று அவர் அதட்டியதை அந்தப் பையனே என்னிடம் சொல்லியிருக்கிறான். கெத்தேல் சாகிபைப் படித்தபோது எனக்கு அவர் நினைவு வந்தது இயல்பே.

அவர் காலமான பின்பு, அவர் பெயரில் எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பித் தர அவருடைய மகன் வந்தார். தந்தையைப் பற்றி நான் அறிந்ததைச் சொன்னேன். “எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. எங்ககிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல” என்றார் அவர். குறையாகக்கூட அல்ல, ஒரு தகவலாகவே அதைச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு அந்த மனிதர் செய்ததில் ஒரு துளியும் பொய் இல்லை. மகன் சொன்னதிலும் இல்லை. சாகிப் போன்றவரை எழுதுவோர் கடை வாசலோடு நின்றுவிடலாம். கதை கேட்பது அவ்வளவே. தந்தையை எழுதுவோருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் வீட்டுக்குள் வந்தே தீர வேண்டும்; அங்கே இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தே தீர வேண்டும்.

ஆகவே கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள்: இவர்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளாமல், கெத்தேல் சாகிபையும் காளியையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது கட்டுரை ஒன்றை அவர் எழுத வேண்டும். தங்கள் திரை விமர்சகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்து இப்படியொரு தந்தையின் படம் வரும்போது, கடைசிக் காட்சியில் தங்களுக்குக் கண்ணீர் வந்ததா என்பதை எழுதும் அதே இடத்தில், அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் படம் முழுவதிலும் எத்தனை நல்ல வார்த்தைகள் கிடைத்தன என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.