மேல்மாடி இரண்டு வாரம் மூடியிருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் இரண்டு வாரத்துக்கு நம் இசக்காயாவின் (மதுவும் சிற்றுண்டியும் தரும் ஜப்பானியக் கடை) மேல்மாடி இயங்காது. தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களில் இரண்டு இற்றுப்போய்விட்டன. கான்கிரீட் போட்டால் ஒரேயடியாக வேலை முடியுமே என்று சிலர் கேட்டீர்கள். முடியாது. சிங்கப்பூரில் நம் கடை இருக்கும் தஞ்சோங் பகார் 1989-லேயே பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள கடைவீடுகளில் (கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கட்டடங்கள்) முகப்பு, பொதுச்சுவர், மரத் தளம், படிக்கட்டு, வானம் பார்த்த முற்றம் எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். மரம் கெட்டால் மரம்தான். படிக்கட்டில் தலை இடித்துக்கொண்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதையும் மாற்றிக் கட்ட வழியில்லை.

ஒடுக்கமான இந்த வீடு எங்கள் தொழிலுக்குப் பொருந்தித்தான் போகிறது. ஜப்பானின் எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சாக்கே என்ற அரிசி மது விற்ற கடைகளில், வாங்கியதை அங்கேயே இருந்து குடிக்கத் தொடங்கியதில் பிறந்ததுதான் இசக்காயா. ஜப்பானிய மொழியில் எழுதும்போது பெயரின் முதல் எழுத்துக்கு 'இருத்தல்' என்றே பொருள். (நம் 'இரு' நினைவுக்கு வந்தால், அது தற்செயல்!)

உட்கார்ந்ததும் வரும் சின்னக் கிண்ணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அதன் பெயர் ஒத்தோஷி. கேட்காத பண்டத்துக்கு ஏன் காசு என்று கோபப்படுவது நியாயம்தான். ஜப்பானில் அது இருக்கைக் கட்டணம் மாதிரி. இங்கே ஆளுக்கு 4 வெள்ளி. வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், பில்லில் வராது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அகெதாஷி தோஃபு (பொரித்த சோயாக் கட்டி) பார்க்கச் சைவம் போல இருக்கும். ஆனால் அதன்மேல் ஊற்றும் தாஷி சாற்றில் கட்சுவோபுஷி சேர்கிறது. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது அது. நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் அதே சாறுதான். 'கொம்பு' என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷிடாக்கே காளானும் மட்டும் போட்ட சாறு இனி தனிப் பானையில் தினமும் இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே 'சைவம்' என்று சொன்னால் போதும்.

அப்புறம், கீழே 18 பேருக்குத்தான் இடம். காத்திருப்பவர்கள் அஞ்சடியை (கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதை) அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டம் தொட்டே அது எல்லாரும் நடக்கிற வழி. இரவு 10.30-க்கு மேல் அங்கே போய் நின்று மது குடித்தால் சட்டப்படி குற்றம்.

மேல்மாடியில் ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களை இந்த வாரத்துக்குள் நாங்களே அழைத்துப் பேசுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இசக்காயா குடும்பத்தார்